கிணற்றடிக் கட்டை

மாக்கிறட்டின் நோவு வலது தோளில் தொடங்கி இடுப்பில் வந்து படுத்துக்கொள்ளும். காலையில் அவள் எழும்ப அதுவும் கூட எழும்பும். கல் சுமந்திருக்கிறாள், கருவாட்டுக் கடகம் சுமந்திருக்கிறாள், முகாமில் இருந்த காலத்தில் வெயிலுக்குள் தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறாள். அதெல்லாம் பாரம், வழியில் இறக்கி வைத்து மூச்சு விடலாம். இப்போது காணி அளக்க வந்த சேவையருக்காக அவள் பிடிக்கிற கோல் பாரமே இல்லை. ஆனால் அதை இறக்கக் கூடாது, சரிக்கக் கூடாது, நிலத்தில் ஊன்றி நேராகப் பிடித்தபடி ஆடாமல் நிற்க வேண்டும். பாரமில்லாத ஒன்றை ஆடாமல் பிடிப்பதைப் போல உடம்பை முறிக்கிற வேலை வேறில்லை என்று இரண்டு கிழமைக்குள் அவள் கண்டுகொண்டாள்.

கோலின் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல வெள்ளையாக ஒன்று இருந்தது. கூலிக்காரர் அதைத் தொப்பி என்பார்கள். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் சொல்வதைத் தொப்பி கேட்கும். சேவையர் நிரூபன் வேப்பமரத்தடியில் மடியில் வைத்திருக்கும் பெட்டி அதைக் கணக்குப் பார்த்து, கோல் நிற்கிற இடம் எது என்று சொல்லும். கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிடந்த பழைய வரைபடத்தின் காணி மூலைகளை அவன் அந்தப் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தான். மூலை வருகிற இடத்தில் மாக்கிறட் எல்லைக் கட்டையை அடித்து இறுக்குவாள். கட்டை இறுக்கின காணிக்குத்தான் வீட்டுத்திட்டம் என்று சொல்லியிருந்தார்கள்.

கட்டை இல்லாமல் அந்த ஊரில் எவருடைய காணி எதுவென்று சொல்ல ஏலாது. கொண்டச்சியிலிருந்து கடல் பக்கம் போகும் வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு. பாதி முஸ்லிம்கள், பாதி வேதக்காரர், கிறிஸ்தவர்கள். தொண்ணூறில் புலிகள் இயக்கம் முஸ்லிம்களைப் போகச் சொன்னது. கையில் அகப்பட்டதோடு புத்தளம் போனார்கள். இரண்டாயிரத்து ஏழில் ஆமி வந்தது. மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். சண்டை முடிந்து இரண்டு பகுதியும் திரும்பி வந்தபோது வேலி நின்ற இடமெல்லாம் உடைமரக் காடு. காட்டைப் புல்டோசர் வழித்தது. காட்டோடு எல்லைக் கல்லும் போனது.

மாக்கிறட்டின் பக்கத்துக் காணி அப்துல் றசாக்கினுடையது. றசாக் குடும்பம் போன பிறகு, அடுத்த மாரி வருமுன் மாக்கிறட்டின் தகப்பன் யாகப்பர் அந்த வீட்டின் ஓடுகளைக் கழற்றித் தன் ஓலைக் கூரையை ஓட்டுக் கூரை ஆக்கினார். கிடந்து நாசமாகிற ஓடுதானே என்றார். வேறு ஆட்கள் கதவு கழற்றினார்கள், நிலை கழற்றினார்கள். சிறுபிள்ளை மாக்கிறட் கீழே நின்று ஓடு ஓடாக வாங்கி அடுக்கினாள். ஏழில் ஓடிப்போய்த் திரும்பி வந்து பார்க்க, யாகப்பர் வீடும் இல்லை, ஓடும் இல்லை, யார் கொண்டுபோனார்களோ. யாகப்பர் அதைப் பார்க்கவில்லை. தாராபுரத்துக்குக் கிட்ட ஒரு வாடகைக் கொட்டிலில் செத்துப்போயிருந்தார். இப்போது இரண்டு காணியிலும் நிவாரணத்துக்குத் தந்த தகரம். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. றசாக்குக்குத் தெரியும் என்பது மாக்கிறட்டுக்குத் தெரியும். வந்து இரண்டு வருடமாக இருவரும் மழையைப் பற்றியும் ஆட்டைப் பற்றியுமே கதைத்தார்கள்.

இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது. ஊரின் மற்றக் கிணறுகளெல்லாம் உவர். அந்தத் தண்ணியில் பருப்பும் அவியாது. இது ஒன்றுதான் நல்ல தண்ணி. கிணறு எங்கள் வேலிக்குள் நின்றது என்பது மாக்கிறட்டின் நினைவு. எங்கள் வேலிக்குள் என்பது றசாக்கின் நினைவு. சண்டை பிடிக்கவில்லை, சேவையர் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாக்கிறட்டின் புருசன் லோறன்ஸுக்கு அந்தப் பொறுமை பிடிக்கவில்லை. "றசாக் நானா இருக்கும்வரை அள்ள விடுவார். அவரின்ர மருமக்கள் மூண்டு பேர் புத்தளத்தில. அவங்கள் வந்து கம்பி அடிச்சா, நீ வாளியோட போய் வாசல்ல நிப்பியோ?"

"நிக்க மாட்டன்," என்றாள். அந்தத் தோளோடு இனிக் குடம் சுமந்து ஊர் தாண்டிப் போக முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டுக் குடிக்கிற தண்ணியை முகாமிலேயே போதும் போதும் என்று குடித்தாயிற்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில், சோற்றுப் பார்சல் அவிழ்க்கும் நேரம், தொப்பி என்னத்தைக் கேட்கிறது என்று நிரூபனிடம் விசாரித்திருந்தாள். அவன் யாழ்ப்பாணத்துப் பெடியன். கேட்டால் சொல்லுவான், கேட்காவிட்டால் பேசவே மாட்டான்.

"மேல சுத்துறது ஒவ்வொண்டும் தன்ர நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் அக்கா. இப்ப மணி இவ்வளவு, இப்ப மணி இவ்வளவு எண்டு. அது தொப்பிக்கு வந்து சேர எவ்வளவு பிந்தினது, சுணங்கினதெண்டு பெட்டி பாக்கும். சுணக்கத்தைத் தூரமாக்கும். நாலு பேரிட்டத் தூரம் கேட்டா நாங்கள் நிக்கிற இடம் பிடிபடும்."

"மின்னல் மின்னினா இடி வரும்வரைக்கும் எண்ணுறம். மழை எவ்வளவு தூரத்தில எண்டு பாக்க. அதுபோலயோ?"

"அதேதான்."

"எவ்வளவு சுணங்கும்?"

அவன் சுள்ளி எடுத்து மணலில் எழுதினான். "உயரம் இருபதாயிரம் கிலோமீற்றர். ஓட்டம் செக்கனுக்கு மூண்டு லட்சம். பிரிச்சுப் பாருங்கோ."

மாக்கிறட் சோற்றுக் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "பதினஞ்சு."

"ஓம். ஒரு செக்கனைப் பதினஞ்சாக் கிழிச்சா, அதில ஒரு துண்டு. அவ்வளவுதான் சுணக்கம்."

"எங்கட தண்ணிப் பவுசர் சிலாவத்துறையில இருந்து வர மூண்டு நாள் எடுக்குது," என்றாள்.

நிரூபன் அபூர்வமாகச் சிரித்தான். "ஆனா அதில துளி பிழைக்கக் கூடாது. செக்கனைப் பத்துக் கோடியாப் பிரிச்சு, அதில ஒரு துண்டு பிழைச்சாலே மூண்டு மீற்றர் தள்ளிப்போடும்."

"எங்கட ஆக்கள் அந்தத் துண்டுக்கும் வழக்குப் போடுவினம் தம்பி."

அதனால்தான் வெட்டைவெளியில் நிற்க வேண்டும் என்றான் அவன். சுவர், தகரம், பெரிய மரம் எதற்கும் கிட்டப் போகக் கூடாது. மேலிருந்து நேரே வரவேண்டியது அதில் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். சுற்றி வந்தால் சுணங்கும். அவனுடைய கருவி பழையது, நேரே வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரித்தறியாது.

"அல்லிராணிக் கோட்டைச் சுவருக்கு முன்னால நிண்டு கூப்பிட்டா குரல் திரும்பவும் ஒருக்கா வரும்," என்றாள் மாக்கிறட்.

"அந்த ரெண்டாம் குரலை முதல் குரலெண்டு நினைச்சா, கூப்பிட்ட ஆள் தூரத்தில நிக்கிறார் எண்டுதானே நினைப்பீங்கள்? பெட்டியும் அப்பிடித்தான் நினைக்கும்."

விளங்கினது. விளங்கினதைப் பதினைந்து நாள் பிசகாமல் செய்தாள். பிசகினது சொந்தக் காணியில்.

அன்று பத்து மணிக்கே வெயில் கொதித்தது. அவள் காணிக்கும் றசாக் காணிக்கும் நடுவிலுள்ள பின்மூலை மட்டும் பாக்கி. நிரூபன் தூரத்து வேம்பின் கீழிருந்து, கொஞ்சம் அங்கால, ஓரடி இங்கால என்று குரல் கொடுக்க, அவள் கோலோடு நகர்ந்து நகர்ந்து றசாக்கின் கொட்டிலடிக்கு வந்துவிட்டாள். கிணற்றுக்குக் கிட்ட வெளியாக இருந்த இடம் அதுதான் என்று எல்லை தெரியுமுன்னரே அடித்த கொட்டில் அது. சமைக்கிற குசினிப் பக்கச் சுவர் முழுக்கத் தகரம்.

அந்த நேரம் றசாக்கின் மனைவி ஹபீபா சாசரில் வைத்த தேத்தண்ணியோடு வந்தாள். "குடிச்சிட்டு நில்லுங்கோ. முகம் கறுத்துப்போச்சு."

வேலைச் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுத் தேத்தண்ணியை ஒற்றைக் கையால் வாங்குவது, அந்தப் பகுதியில் தந்தவளின் முகத்தில் அடிப்பது மாதிரி. சாமானைச் சாத்தி வைக்க வேண்டும், இரண்டு கையாலும் வாங்க வேண்டும், நிழலில் நின்று ஒரு வாயாவது குடிக்க வேண்டும். பிறகு குடிக்கிறன் என்று எந்த வீட்டிலும் சொல்லியிருப்பாள். இந்த வீட்டில் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டின் கூரை ஓட்டை வேறொரு சுவரின் மேல் ஏற்றி, அதன் கீழே அவள் பதினைந்து வருடத்துக்கு மேல் படுத்து எழும்பியிருக்கிறாள்.

கோலைத் தகரச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தினாள். தேத்தண்ணியை வாங்கினாள். இஞ்சி போட்டிருந்தது.

"அசையாதேங்கோ," என்று தூரத்திலிருந்து நிரூபன் கத்தினான். பெட்டி கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு, இதுதான் மூலை என்றது. "சரி அக்கா, அதில இறுக்குங்கோ."

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கட்டையை அடித்தாள். றோட்டுக்கரைக் கட்டைக்கும் இதற்கும் கயிறு பிடித்தார்கள். கிணறு முழுதாக றசாக்கின் பக்கம் விழுந்தது. றசாக் கயிற்றைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். அவருக்கே அது கொஞ்சம் கூடிப்போனது போலத்தான் இருந்தது. இரண்டு பேரும் நிரூபனின் கடுதாசியில் கையெழுத்து வைத்தார்கள்.

கோலை எடுக்கத் திரும்பியபோது தகரத்தில் உள்ளங்கை பட்டுச் சுட்டது. அப்போதுதான் கோலை எதில் சாத்தி வைத்தோம் என்பது மாக்கிறட்டுக்கு உறைத்தது.

வேம்படிக்குப் போய் நிரூபனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"பிழை காட்டுற எண் கொஞ்சம் கூடத்தான் காட்டினது. வெயில்ல நானும் கவனிக்கேல்லை. என்னிலயும் பிழை இருக்கு."

"அப்ப திரும்பப் பிடிப்பம்."

"நீங்கள் என்ர கோல்காரி அக்கா. காலமை கிணறு அவரின்ர பக்கம், பின்னேரம் உங்கட பக்கம் எண்டா ஊர் என்ன சொல்லும்? நான் பிறகு இந்தப் பக்கம் கோல் ஊண்டேலாது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவர் வந்து கேட்டா அளக்கிறன். நீங்கள் கேட்டா இல்லை. நாளைக்கு மத்தியானம் நாங்கள் கட்டுக்கரைப் பக்கம் வெளிக்கிடுறம். அதுக்குள்ள பாருங்கோ."

அவள் கோலை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

லோறன்ஸிடம் சொன்னபோது அவன் வலையிலிருந்து தலை எடுக்கவில்லை. "கிணறு வந்த மனிசன் வேண்டாமெண்டு சொல்லுவானோ? நல்லாத் தேத்தண்ணி குடிச்சாய் போ."

பின்னேர அசர் தொழுகை முடித்து றசாக் பழைய வீட்டு அத்திவாரத்தில் கல் கிண்டிக்கொண்டிருந்தார். வீடு இருந்ததற்கு அந்தக் கல்தான் மிச்சம். மாக்கிறட் வேலி இல்லாத எல்லையைத் தாண்டிப் போய் நின்றாள்.

"நானா, கிணத்தடிக் கட்டை பிழை."

"காலமை சரியெண்டு கையெழுத்து வைச்சனீ."

"வைச்சனான். தேத்தண்ணி குடிச்ச வாயோட வைச்சனான்."

"எங்கட தேத்தண்ணியில வெறிக்கிற சாமான் ஒண்டும் போடுறேல்லை, பிள்ளை. அது உங்கட பக்கம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "தேத்தண்ணியில பிழையில்லை. கோலை உங்கட தகரத்தில சாத்திப்போட்டன். மேலயிருந்து வாறது தகரத்தில பட்டுத் தெறிச்சு, சுத்தித் தொப்பிக்கு வந்திருக்கு. சுத்தி வந்தா நேரம் கூடும். நேரம் கூடினா பெட்டி தூரத்தைக் கூட்டிப்போடும். கட்டை எங்கட பக்கம் தள்ளி வந்திட்டுது."

றசாக் கிண்டிக்கொண்டிருந்த அலவாங்கை ஊன்றி நிறுத்தினார். "எவ்வளவு நேரம் கூடினது?"

"செக்கனைப் பத்துக் கோடியாப் பிரிச்சா அதில ஒரு துண்டு."

"அந்தத் துண்டுக்கு ஒரு கிணறு."

"ஓம்."

"பத்துக் கோடியில ஒரு துண்டு சுணங்கினதுக்கு நீ என்னட்டை நியாயம் கேக்க வந்திருக்கிறாய். நாங்கள் இஞ்ச திரும்பி வர இருவது வருசம் சுணங்கினது. அதுக்கு ஆரிட்டக் கேக்கிறது?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற மாதிரித்தான் சொன்னார்.

"தகரம் நான் ஆசைப்பட்டு வாங்கினதில்லை. எனக்கு ஓடு இருந்தது. ஓட்டில பட்டாலும் தெறிக்குமோ?"

"தெரியாது. தம்பியைக் கேக்கோணும்."

"கேட்டுப் பாப்பம். தெறிக்காதெண்டா, பிழை தகரத்திலயும் இல்லை, என்னிலயும் இல்லை."

இரண்டு வருடமாகச் சுற்றிச் சுற்றிப் போனது நேரே வந்து நின்றது. அவளும் நேரேதான் சொன்னாள். "அப்பா கழட்டினவர். நான் கீழ நிண்டு வாங்கி அடுக்கினனான்."

"தெரியும். புத்தளத்துக்கு வந்த ஆக்கள் சொன்னவை. உம்மா மௌத்தாகிக் கண்மூடும்வரை வீட்டைக் கேக்கேல்லை, ஓட்டைத்தான் கேட்டவ. கல்லெண்டா காத்துக்குப் போகாது, ஓடு என்னாச்சோ எண்டு." அவர் கல்லிலிருந்த மண்ணைத் தட்டினார். "இப்ப அந்த ஓடு எங்க?"

"இல்லை. ஏழில நாங்களும் போனம். வந்து பாக்க ஒண்டும் இல்லை."

"ம்."

றசாக் திரும்பவும் கல் கிண்டத் தொடங்கினார். மாக்கிறட் போகவில்லை. போனால் கிணறு போய்விடும்.

"பிழையான கட்டையில வேலி அடிச்சா என்ர மருமக்களும் உன்ர பிள்ளையளும் கோடு கச்சேரி எண்டு வழக்குக்கு அலைவினம்," என்றார் கடைசியில். "அளப்பம். என்ர பக்கம் விழுந்தா வாயைத் திறக்காமப் போ. உன்ர பக்கம் விழுந்தா கிணறு உன்ரை. நாளைக்குக் காலமை நானே தம்பியைக் கூப்பிடுறன்."

காலையில் கொட்டிலின் குசினிப் பக்கத்தைக் கழற்றினார்கள். றசாக் ஆணி பிடுங்க, மாக்கிறட் தகரத்தை வாங்கினாள். கீழே நின்று கையை உயர்த்தி வாங்கும்போது அவளுக்குத் தோள் விண்ணென்று வலித்தது, முகத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. ஹபீபாவின் அடுப்பும் சட்டியும் வெயிலில் வெறுமனே நின்றன. கழற்றின தகரங்களைத் தூரக் கொண்டுபோய் நிலத்தில் படுக்கப் போட்டார்கள்.

நிரூபன் இந்தமுறை வேம்படிக்குப் போகவில்லை. பெட்டியோடு பக்கத்திலேயே நின்றான். மாக்கிறட் வெட்டையில் கோலை ஊன்றினாள்.

"தம்பி," என்றார் றசாக். "ஓட்டில பட்டாலும் இப்பிடித் தெறிக்குமோ?"

"மண் ஓடெண்டா இந்தளவுக்குத் தெறிக்காது. தகரம்தான் கண்ணாடி மாதிரி. ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா."

அவர் மாக்கிறட்டைப் பார்க்கவில்லை. அவள் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டி இந்தமுறை தடுமாறவில்லை. ஒருமுறை எடுத்தான், தொப்பியைக் கழற்றிப் பூட்டித் திரும்பவும் எடுத்தான். இரண்டும் ஒரே இடத்தைச் சொன்னன. பழைய கட்டையைப் பிடுங்கி, றசாக்கின் பக்கம் மூன்று மீற்றர் தள்ளிப் புதுக் கட்டை இறுக்கினாள். கயிறு பிடித்தபோது கிணறு அவள் பக்கம் வந்தது. கிணற்றோடு, குசினி நின்ற மூலையும் வந்தது. கயிறு ஹபீபாவின் அடுப்புக்கு அங்கால் போனது.

இதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ஹபீபா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த மூலை அப்பிடியே இருக்கட்டும்," என்றாள் மாக்கிறட். "எனக்கு அது தேவையில்லை."

"உனக்குத் தேவையில்லாததை நான் வைச்சிருக்கிறதோ? அது முந்தி ஒருக்கா என்ர ஓட்டோட நடந்தது," என்றார் றசாக். நிரூபன் கடுதாசியை நீட்ட, கையெழுத்து வைத்தார். பிறகு ஆணிகளை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டு, தகரத்தைத் தூக்கப் போனார்.

மாக்கிறட்டும் மற்றத் தலைப்பைப் பிடித்தாள். பழைய இடத்தில் பூட்டவில்லை. கயிற்றுக்கு உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். குசினி ஒரு ஆள் குனிந்து திரும்புகிற அளவுக்குச் சிறுத்துப்போனது.

வேலை முடிய அவள் சொன்னாள்: "தண்ணி எப்பவும் அள்ளுங்கோ நானா. ஒரு சொல்லும் கேக்கத் தேவையில்லை."

"அள்ளுவம்."

"அப்ப, அந்த ஓட்டுக்கு…"

"ஓட்டுக்கு?"

"தண்ணியோட அதைச் சரிக்கட்டுவமெண்டு."

றசாக் வாயிலிருந்த கடைசி ஆணியை எடுத்தார். "தண்ணி அல்லா தாறது. நீ தரேல்லை, உன்ர வாப்பாவும் தரேல்லை. கிணறு அளந்து உன்னட்டை வந்தது, அது உன்ரை. ஓடு என்ரை. ரெண்டையும் ஒரு கணக்கில போடாதை."

அவள் ஓம் என்றாள்.

நிரூபனின் வாகனம் மத்தியானத்துக்கு முன்னமே கட்டுக்கரைப் பக்கம் போனது. கோல் சுமக்க அங்கே வேறொருத்தி சேர்ந்தாளாம். மாக்கிறட்டின் தோள் நோவு போகவில்லை. கிணற்றில் இரண்டு வீடும் அள்ளுகிறது; ஹபீபா வாளியோடு வரும்போது ஒருநாளும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அடுத்த வருடம் வீட்டுத்திட்டம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் மேலே கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டுக் கொடுத்தார்கள். ஓட்டுக்குக் காசு காணாது என்றார்கள்.

யாகப்பர் கழற்றிய, றசாக் வீட்டுக் கூரை ஓட்டில் ஒன்றுகூட இன்னும் திருப்பிக் கொடுபடவில்லை. கொடுக்க வேண்டியவள் மாக்கிறட்.